தோட்டா எது?

ரைபிள் குழலின் நீளம் கூடினால் குண்டின் வேகம் கூடுமா, தோட்டாவை மாற்றினால் என்ன ஆகும், இதையெல்லாம் நான்கு பக்கத்துக்குள் எழுதித் தர முடியுமா என்று கேட்டு, நான் வேலை பார்த்த தடயவியல் ஆய்வகத்திலிருந்து போன மாதம் போன் வந்தது. பேசியவர் இப்போது அங்கே துப்பாக்கிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு வேலையில் சேர்ந்த பெண். "புதுசா ஆறு பேர் வந்திருக்காங்க சார். புக்ல இருக்கறத அவங்களே படிச்சுப்பாங்க. நீங்க உங்க அனுபவத்துல இருந்து எழுதுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை.

இப்போது தொட்டிருக்கிறேன். அவர் கேட்டது இதில் இருக்கிறது. கேட்காததும் இருக்கிறது. பக்கம் மிஞ்சினால் வெட்டிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் ஏழுமலை என்ற காவலரைப் பற்றிய பகுதியை வெட்டுவதானால் மீதியையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் காஞ்சிபுரத்துக்காரன். வீட்டில் இரண்டு தறி. தம்பி தறியில் உட்கார்ந்தான், நான் பௌதிகம் படித்தேன். சென்னையில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, உதவி இயக்குநராக ஓய்வு பெற்றேன். முப்பத்து நான்கு வருடம். அதில் முதல் ஐந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. துப்பாக்கி துடைத்தேன், அரக்கு உருக்கி சீல் வைத்தேன், ரயிலில் தூங்கினேன். ஊரில் பலர் நான் போலீஸில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுகளில் யாராவது, "இதுவரைக்கும் எவ்ளோ பேர சுட்டிருக்கேபா?" என்று கேட்பார்கள். "தெனமும்தான் சுடறேன். துணிய" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நான் சொன்னது உண்மை. ஒருவர் மேல் எவ்வளவு தூரத்திலிருந்து குண்டு பாய்ந்தது என்று கண்டுபிடிக்க, துணியைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, அரை அடி, ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று தள்ளித் தள்ளி நின்று சுடுவோம். எரியாத வெடிமருந்துத் துகள்கள் துணியில் எப்படித் தெறித்திருக்கின்றன என்பதை, செத்தவரின் சட்டையோடு ஒப்பிடுவோம். என் உத்தியோகத்தில் பாதி அதுதான்.

எங்கள் பிரிவின் தலைவர் வேதாசலம் சார். ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெருக்குகிற அம்மாள் முதல் நீதிபதி வரை எல்லோரையும் நீங்கள் என்றுதான் சொல்வார். சுடுகிற நேரத்தில் அவர் உட்கார மாட்டார், அதனால் நாங்களும் உட்கார முடியாது. சுட்ட தோட்டாக்களின் கூடுகளை நிறுத்திவைக்கத் துளை போட்ட ஒரு பலகை வைத்திருந்தார். ஒரு கூடு உருண்டு ஓடிவிட்டால் அது கிடைக்கும் வரை அடுத்த வெடி கிடையாது. அவரும் குனிந்து மேஜைக்கு அடியில் தேடுவார்.

அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன் எழுந்து நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படிப்பார். படித்து முடித்ததும் மூன்று கேள்விகள். துப்பாக்கி எது? தோட்டா எது? துணி எது? வழக்கில் பிடிபட்ட அதே துப்பாக்கி, அதோடு பிடிபட்ட அதே தோட்டாக்கள், செத்தவர் உடுத்தியிருந்த அதே நெசவுத் துணி. மூன்றுக்கும் 'அதுவேதான் சார்' என்று பதில் வர வேண்டும். அதைச் சரிபார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கேட்பார், சொல்கிறவரின் முகத்தைப் பார்ப்பார், பேனாவைத் திறப்பார். அவ்வளவுதான்.

குழல் நீளத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஒரு வாரம் செய்துகாட்டியதுதான். அப்போது போலீஸில் பாயிண்ட் த்ரீ நாட் த்ரீ ரைபிள்கள் இருந்தன. குழல் இருபத்தைந்து அங்குலம். கழித்துவிட்ட பழைய ரைபிள் ஒன்றை வாங்கி இரும்புச் சட்டத்தில் இறுக்கினார். எதிரே மெல்லிய கம்பி கட்டிய இரண்டு சட்டங்கள். குண்டு முதல் கம்பியை அறுத்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதை அறுத்தால் நிற்கும். ஐந்து தோட்டா சுட்டு வேகத்தை எழுதுவோம். பிறகு குழலில் ஒரு அங்குலம் ரம்பத்தால் அறுத்து, வாயைச் சமமாக்கி, மறுபடி ஐந்து. ஒவ்வொரு அங்குலத்துக்கும் விநாடிக்கு இருபது, இருபத்தைந்து அடி என்று வேகம் குறைந்துகொண்டே வந்தது. முழுக் குழலில் இரண்டாயிரத்து நானூறு அடிக்குச் சற்று மேலே இருந்தது, குழல் குட்டையாகக் குட்டையாக இறங்கியது. வெடிச் சத்தமும் நெருப்பும் மட்டும் கூடின.

காரணம் எளிது. மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கிற வரைக்கும்தான் தள்ள முடியும். குழல் நீளமாக இருந்தால் தள்ளுகிற நேரம் கூடுகிறது. இதற்கும் எல்லை உண்டு. சிறிய தோட்டாவில் மருந்து கொஞ்சம், பாதிக் குழலிலேயே எரிந்து தீர்ந்துவிடும். அதற்கு மேல் நீட்டினால் உராய்வு வேகத்தைத் தின்னும். பெரிய தோட்டாவில் மெதுவாக எரிகிற மருந்தை அடைத்திருந்தால் குட்டைக் குழல் போதாது, பாதி மருந்து வெளியே வந்து வீணாக எரியும்.

குழலின் வாய்க்குக் கீழே சார் ஒரு வெள்ளைத் தாளை விரித்துவைத்திருந்தார். ஒவ்வொரு முறை அறுத்துச் சுட்ட பிறகும் அதில் விழுந்த கருப்புத் துகள்களைத் தூரிகையால் கூட்டி நிறுப்பார். "வேகத்துல குறைஞ்சது இங்க விழுந்திருக்குது, பாத்துக்குங்க" என்றார். எரியாமல் விழுந்த மருந்து குண்டைத் தள்ளாத மருந்து. குண்டு எந்த அளவுக்கு மெதுவாகப் போகிறதோ, அந்த அளவுக்குத் துகள் அதிகமாக, அதிக தூரத்துக்குத் தெறிக்கும்.

கடைசி நாள் அவர் குழலைத் தொடவில்லை. முழு நீள ரைபிள் ஒன்றை மாட்டி, தோட்டாக்களை மட்டும் மாற்றினார். புதிதாக வந்த கட்டு, வெயிலில் கிடந்த கட்டு, எண்ணெய் படிந்த கட்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். எண்ணெய் படிந்தவற்றில் ஒன்று, குழலில் ஐந்து அங்குலம் அறுத்ததைவிட அதிகமாக வேகத்தைக் குறைத்துவிட்டது. எண்ணெய் கசிந்து உள்ளே போனால் நெருப்புப் பிடிப்பதே தடுமாறும் என்றார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் அடிக்கோடு கூடப் போட்டிருக்கிறேன்.

இனி, காவலுக்குக் கொடுக்கப்படும் தோட்டாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குக் காவல் நிற்பதைப் போலீஸில் பாரா என்பார்கள். ஒரு இடத்துப் பாராவுக்குப் பத்துத் தோட்டா என்று கொடுத்தால், அந்தப் பத்துதான் வருடக்கணக்கில் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆள் மாறும், தோட்டா மாறாது. பாரா மாறும்போது பத்தையும் ரைபிளில் ஏற்றி இறக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும், எண்ணி வாங்க வேண்டும். மேலதிகாரி திடீரென்று பார்வையிட வந்தால் பித்தளை பளபளவென்று இருக்க வேண்டும் என்பதற்காக, பொழுது போகாத காவலர்கள் ரைபிள் துடைக்கிற எண்ணெய்த் துணியாலேயே தோட்டாக்களையும் துடைத்துத் துடைத்து மினுக்குவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வேலை இல்லை. எல்லாப் பாராவிலும் செய்வார்கள். அந்தத் தோட்டாக்கள் சுடுவதற்கல்ல, காட்டுவதற்கு. ஒன்று வெடித்துவிட்டால்தான் எங்களிடம் வரும்.

பதினெட்டு வருடம் முன்பு அப்படி ஒன்று வந்தது. வடக்கே ஒரு சிறிய ஊரின் கருவூலம். காலை எட்டு மணி பாராவுக்கு நிற்க வேண்டிய காவலர் ஏழுமலை, காவல் அறைக் கட்டிலில் உட்கார்ந்த நிலையில் மார்பில் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். வயது முப்பத்தொன்று. குண்டு உடம்பைத் துளைத்துப் பின்னாலிருந்த மரக்கதவில் பதிந்திருந்தது. ரைபிள் தரையில். ஒரு காலில் பூட்ஸ் இருந்தது, மற்றொரு கால் வெறுங்கால்.

கூட இருந்த காவலர் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாராம். "மொதல்ல ஏதோ விழுந்த சத்தம், உடனே வெடிச் சத்தம்" என்று சொல்லியிருந்தார். எண்ணி மாற்றும்போது ஒரு தோட்டா ரைபிளிலேயே தங்கிவிட்டிருக்கலாம், சுவரில் சாய்த்துவைத்த ரைபிள் விழுந்து வெடித்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் அதை நம்பவில்லை. அந்த வெறுங்காலைப் பிடித்துக்கொண்டார். தற்கொலை செய்துகொள்கிறவன் ரைபிளை நெஞ்சில் வைத்துக்கொண்டால் கை விசையை எட்டாது, பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் அழுத்துவான். அப்படி நடந்து அவர் பார்த்திருந்தார். காரணமும் கிடைத்துவிட்டது. ஏழுமலையின் மனைவி பரமேஸ்வரியே சொல்லியிருந்தார். முந்தின நாள்தான் அவர்களுடைய பெண் குழந்தைக்குக் காதுகுத்து. லீவு கிடைக்காமல் ஏழுமலை வரவில்லை. அன்று காலை ஏழரை மணிக்கு அவர் போன் செய்தபோது, "வராதவரு இனிமே வரவே வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். யாரும் கேட்காமல், அழுதுகொண்டே, தானாகச் சொன்ன வாக்குமூலம். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

விலாசத்தில் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் என்று இருந்தது. நம்ம ஊர்க்காரன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு வேலையைப் பார்த்தேன்.

எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு தூரத்திலிருந்து குண்டு பாய்ந்தது? நான்கைந்து விரற்கடைக்குள் என்றால் தற்கொலை. இரண்டு அடிக்கு மேல் என்றால் முடியாது. குழல் மட்டுமே இருபத்தைந்து அங்குலம், விசை அதற்கும் பின்னால். மார்பிலிருந்து இரண்டு அடி தள்ளி ரைபிள் வாய் இருந்தால், கை மட்டுமல்ல, உட்கார்ந்திருப்பவரின் கால் விரலும் விசையை எட்டாது. அப்படியானால் கூட இருந்தவர் சொன்னதுதான் சரி, ரைபிள் விழுந்து வெடித்தது.

ரைபிள் வந்திருந்தது. விசை தேய்ந்து, கொஞ்சம் தட்டினாலே விட்டுவிடும் நிலையில் இருந்தது. அதை அறிக்கையில் ஒரு வரியாக எழுதினேன். சட்டை வந்திருந்தது, அதே காக்கித் துணி என்னிடம் இருந்தது. மீதி ஒன்பது தோட்டாக்களும் சீல் வைத்த உறையில் வந்திருந்தன. அவை கோர்ட்டுச் சொத்து. அவற்றைச் சுட வேண்டுமானால் அனுமதி கேட்டு எழுத வேண்டும், பதில் வர மூன்று வாரமோ நான்கு வாரமோ ஆகும். இன்ஸ்பெக்டர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாகறல் கோயிலில் என் தங்கை பிள்ளைக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், இரண்டு நாள் முன்பே போயாக வேண்டும். ஆய்வகத்து அலமாரியில் அதே வகைத் தோட்டா, புதுக் கட்டு, பெட்டி பெட்டியாக இருந்தது. எடுத்துச் சுட்டேன்.

புதுத் தோட்டாவில் துகள் நெருக்கமாகத் தெறிக்க வேண்டுமானால் துணி மிக அருகில் இருக்க வேண்டும். ஏழுமலையின் சட்டையில் இருந்த நெருக்கம் எனக்கு ஐந்து விரற்கடைத் தூரத்தில் கிடைத்தது. அப்படியே எழுதினேன்.

ஒன்று மட்டும் இடித்தது. அவ்வளவு அருகில், முழு நீளக் குழலில், முழு வேகத்தில் பாய்ந்த குண்டு அந்தக் கதவைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். பாதி மரத்திலேயே நின்றுவிட்டது. எலும்பில் பட்டு வேகம் குறைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிந்த ஆழத்தை அறிக்கையில் எழுதிவிட்டேன், அது எதைச் சொல்கிறது என்று எழுதவில்லை.

புதன்கிழமை வேதாசலம் சார் எழுந்து நின்று படித்தார்.

"துப்பாக்கி எது?"

"அதுவேதான் சார்."

"தோட்டா எது?"

"அதே வகை சார்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வகையைக் கேக்கல. தோட்டா எதுன்னு கேட்டேன்."

வாசலில் என் பை தயாராக இருந்தது. நான்கு மணி ரயில். "அதுவேதான் சார்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். துணியைப் பற்றியும் கேட்டார், பதில் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "மருமகனுக்கு என் ஆசீர்வாதம் சொல்லுங்க" என்றார். வெள்ளிக்கிழமை என் மடியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை கத்தியது, எல்லோரும் சிரித்தோம், படம் எடுத்துக்கொண்டோம். இன்னொரு குழந்தையின் காதுகுத்துக்கு அதன் அப்பன் வர முடியாமல் போன கதையை அந்த வாரம்தான் நான் படித்திருந்தேன். அது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வழக்கு தற்கொலை என்று முடிந்தது. வேதாசலம் சார் ஓய்வு பெற்றார், சில வருடங்களில் இறந்தும் போனார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அறிக்கைகளை நின்றுகொண்டே படித்தேன், மூன்று கேள்விகளையும் கேட்டேன்.

ஆறு வருடம் முன்பு புது வேகமானி வந்தது. கம்பி இல்லை, ஒளித்திரைதான். குண்டு கடந்ததும் எண் கணினியில் விழும். அதே சமயம், முடிந்துபோன வழக்குகளின் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்த்துவிடச் சொல்லி உத்தரவும் வந்தது. அலமாரியைக் காலி செய்தபோது யாரும் திரும்ப வாங்கிப் போகாத ஒரு உறை கிடைத்தது. மேலே என் கையெழுத்து. உள்ளே மினுமினுவென்று ஒன்பது தோட்டாக்கள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

முழு நீளக் குழல் உள்ள ரைபிளில் முதலில் புதுத் தோட்டா ஒன்றைச் சுட்டேன். இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம். பிறகு அந்த உறையிலிருந்து ஒன்று. இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. இயந்திரக் கோளாறு என்று நினைத்து இன்னொன்று சுட்டேன், அதுவும் அப்படியே. கூட இருந்தவர்களைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, காக்கித் துணி எடுத்துவந்து சட்டத்தில் கட்டினேன். ஐந்து விரற்கடையில் துணி கருகிப்போயிற்று. ஒரு அடியிலும் நெருக்கம் மிக அதிகம். இரண்டு அடிக்குச் சற்று மேலே வைத்துச் சுட்டபோது, அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு லென்ஸ் வைத்துப் பார்த்த அதே சட்டை என் எதிரில் தொங்கிக்கொண்டிருந்தது.

மீதித் தோட்டாக்களையும் அங்கேயே வைத்துச் சுட்டேன். மாறவில்லை. ஏழுமலை பூட்ஸைக் கழற்றவில்லை, போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மணி பாராவுக்கு ஒரு காலில் போட்டுவிட்டு இன்னொரு காலுக்குக் குனிந்திருக்கிறார்.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஒரு சாக்குக் கண்டுபிடித்தேன். தோட்டாக்கள் எங்கள் அலமாரியில் இருந்த பன்னிரண்டு வருடத்தில் கெட்டுப்போயிருக்கலாம், அன்று நன்றாகவே இருந்திருக்கலாம். இந்தச் சாக்கு நிற்காது என்று எனக்குத் தெரியும். குண்டு கதவில் பாதியிலேயே நின்றதை அன்றைக்கே என் கையால் எழுதியிருக்கிறேன். எலும்பு என்று அன்று சொல்லிக்கொண்டதையும் பிணப் பரிசோதனை அறிக்கையோடு ஒத்துப் பார்க்கவில்லை. சுட்டு முடித்ததும் பழைய நகலை எடுத்துப் பார்த்தேன். குண்டு எந்த எலும்பையும் தொடவில்லை. அன்றே அதன் வேகம் குறைவு. ஆனாலும் ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தது. பொய் சொன்னது வெளியே வந்தால் நான் எழுதிய மற்ற அறிக்கைகளின் கதி என்ன, என் கதி என்ன, செத்துப்போன வேதாசலம் சாரின் கையெழுத்துக்கு என்ன மரியாதை என்று யோசித்தேன். ஓய்வு பெற்றதும் போய்ச் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றேன். போகவில்லை. நான் இருக்கும் செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் பிள்ளையார்பாளையம் அரை மணி நேரம்.

தோட்டாவைப் பற்றி எழுதித் தரச் சொல்லிப் போன் வந்த மறுநாள், அந்த அதிகாரியைக் கூப்பிட்டு அந்த வழக்கின் எண்ணைச் சொல்லிக் கோப்பு இருக்கிறதா என்று கேட்டேன். தேடிவிட்டு, "அழிச்சாச்சு சார். லிஸ்ட்ல ஏறியிருக்குது. எதுக்கு சார்?" என்றார். சும்மாதான் என்றேன். திருத்துவதற்கு அறிக்கை இல்லை. இனி ஒரே இடம்தான் பாக்கி. போன வாரம் போனேன்.

ஒரு ஓட்டு வீட்டின் முன்னறையில், ராட்டையில் பட்டு நூலைத் தறிக்கான தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார் பரமேஸ்வரி. நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும், தலை பெரும்பாலும் நரைத்துவிட்டது. ஏழுமலை விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன். கை நின்றது.

"இத்தினி வருஷம் கழிச்சு யாருங்க நீங்க? சரி, உள்ள வாங்க. யாரையும் வர வேணாம்னு நான் சொல்றதில்ல" என்றார்.

தண்ணீர் கொடுத்தார். பெண் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். நான் யார் என்று சொன்னேன். தோட்டாவைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், மூன்று கேள்விகளைச் சொன்னேன், ரயிலைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. முடித்த பிறகு கேட்டார்.

"அப்ப கால்ல பூட்ஸ் போட்டுக்கினு இருந்தாரா?"

"ஆமாம்மா. பாராவுக்குப் போறதுக்கு."

"வேணும்னே செஞ்சிக்கல."

"இல்லம்மா. ரைபிள் சாஞ்சு விழுந்து வெடிச்சிருக்குது. கூட இருந்தவர் அன்னிக்கே அதைத்தான் சொன்னாரு."

"நான் சொன்னதுக்காக இல்ல."

"இல்லம்மா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது நல்லதுதான் என்று, ஒரு நிமிடம், என் மனசு லேசானது. அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஆறு வருஷம் ஆச்சும்மா."

அவர் வாசல் பக்கம் கை காட்டினார். "எதிர் வரிசையில நாலாவது வூடு எங்க மாமியார் வூடு. 'எம் புள்ளைய வாயாலயே கொன்னுட்டா'ன்னு தெருவுல நின்னு சொன்னவங்க. அப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. குழாயடியில பாத்தா குடத்த தூக்கிக்கினு பூடுவாங்க. பேத்திய மடியில வெச்சதில்ல. நானும் அவங்க சொன்னதுதான் நெசம்னு இருந்தேன்." மடியில் விழுந்திருந்த நூல் துணுக்கைத் தட்டிவிட்டார். "அத்தை போன ஐப்பசியிலதான் போனாங்க. ரெண்டு மாசம் படுக்கையில இருந்தாங்க. வாய்க்கரிசி போடக்கூட என்ன வுடல. தெருமுனையில நின்னு பாத்தேன்."

ஆறு வருடத்தில் எந்த நாள் நான் அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தாலும் இரண்டு பெண்களும் அழுது, பேசி, ஒரு தெருவில் இருந்திருப்பார்கள். பிள்ளை தானாகச் சாகவில்லை என்பது தெரியாமலே அந்தத் தாய் போய்விட்டாள். தப்பாகச் சுட்டது பன்னிரண்டு வருடத்தைத் தின்றது என்றால், அடுத்த ஆறையும் நான் தெரிந்தே தின்றேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"எழுதிக் குடுங்க" என்றார். "பொண்ணுக்கு எடம் பாக்கறோம். வர்றவங்கல்லாம் அப்பன் எப்டி செத்தான்னுதான் மொதல்ல கேக்கறாங்க."

பெண்ணின் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தார். எழுதினேன். துப்பாக்கி எது, தோட்டா எது, துணி எது என்று வரிசையாக. எவ்வளவு தூரம் என்று. முதல் அறிக்கையில் நான் சொன்ன பொய் என்ன என்று. கையெழுத்துப் போட்டு அன்றைய தேதியையும் போட்டேன். பிறகு, எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, நின்றுகொண்டு முழுவதையும் அவருக்குப் படித்துக்காட்டினேன்.

கடைசி வரை கேட்டுவிட்டு, "தேதி போடலியே" என்றார்.

"போட்டிருக்கேம்மா. இன்னிக்குத் தேதி."

"அது இல்ல. உங்களுக்குத் தெரிஞ்ச தேதி. அதையும் போடுங்க."

அந்தத் தேதி எனக்கு மறக்கவில்லை. எழுதினேன். அவர் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு தேதிகளையும் படித்துவிட்டு, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ராட்டையின் முன் உட்கார்ந்தார். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் நின்றேன். போய்ட்டு வாங்க என்று அவர் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.